தங்கச்சிமடத்து வீட்டு நெட்வொர்க்க வெளியூர்ல இருந்து தொடுறது எப்படி: வயர்கார்டும் ஒரு சின்ன கிளவுட் சர்வரும்

எங்க வீடு ராமேஸ்வரம் தீவுல இருக்கற தங்கச்சிமடத்துல, வடகடல் பக்கம். வீட்ல அம்மா மட்டும்தான், பக்கத்து வீட்ல சித்தப்பா. நான் கோயம்புத்தூர்ல வேலை பாக்குறேன். ஐப்பசி கார்த்திகைல வாடைக்காத்து புடிச்சுச்சுன்னா கொல்லையில தண்ணி எவ்வளவு நிக்குது, மோட்டார் ரூம் தகரம் இருக்கா பறந்துச்சா, அம்மா பின்கதவ சாத்தினாங்களா, இதெல்லாம் மனசுல கெடந்து உருளும். நாலு கேமரா மாட்டி ஹால்ல ஒரு என்விஆர், அதாவது கேமரா வீடியோவ பதிவு பண்ற பெட்டி வச்சிருக்கோம். அதோட வந்த ஆப் ஒரு நாள் தெரியும், ஒரு நாள் வட்டம் சுத்திக்கிட்டே நிக்கும், அதுவும் போக நம்ம வீட்டு வீடியோ எங்கயோ இருக்குற கம்பெனி சர்வர் வழியா போய் வருது, அது எனக்கு புடிக்கல. கூடவே பழைய டெஸ்க்டாப் ஒண்ணு இருக்கு, அதுல அப்பா போட்டோ எல்லாம் கெடக்கு, சித்தப்பாவோட படகு கணக்கும் அதுலதான்.

இது எல்லாத்தையும் நானே ஒரு விபிஎன் டனல், அதாவது நெட்டுக்குள்ளயே நமக்கு மட்டும் பூட்டின ஒரு தனி வழி போட்டு இப்ப தொட முடியுது. நம்ம பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் வெளியூர்லயோ வெளிநாட்லயோ இருக்கோம், அதனால புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு முழுசா எழுதிடலாம்னு உக்காந்தேன். லினக்ஸ்ல கமாண்ட் அடிச்சு பழக்கம் இல்லாதவங்களும் ஒரு ஞாயித்துக்கிழமைய ஒதுக்கினா முடிச்சிடலாம். கமாண்ட நான் படிக்கிற மாதிரி தமிழ் எழுத்துலயே எழுதறேன், நீங்க அடிக்கிறப்ப இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிச்சுக்கங்க.

ரெண்டு விஷயத்த மட்டும் ஆரம்பத்துலயே சொல்லிடுறேன், மத்ததெல்லாம் இதுக்குள்ளதான் வரும். ஒண்ணு, வெளிய இருந்து வீட்டுக்குள்ள வர்ற மாதிரி எந்தக் கதவையும் திறக்கக் கூடாது, வீடுதான் வெளிய போய் கைகோக்கணும். ரெண்டு, கரண்ட் போய் வந்தா யாரும் கைய வைக்காம மொத்தமும் தானா எந்திரிக்கணும், ஏன்னா அங்க இருக்கறது அம்மா, நான் இல்ல.

நேரா ஏன் போக முடியல

முன்னாடி தெருவுல ஒரு வீட்லதான் லேண்ட்லைன் இருக்கும், மத்தவங்க எல்லாம் பத்திரிகைல, அப்ளிகேஷன்ல அந்த நம்பரையே போட்டு பக்கத்துல பி.பி.னு எழுதுவோம், ஞாபகம் இருக்கா. அந்த வீட்ல இருந்து நாம யாருக்கும் போன் போடலாம். வெளிய இருந்து நமக்கு போன் வந்தா அந்த வீட்டுக்காரங்க ஓடி வந்து கூப்பிட்டாத்தான் உண்டு. இப்ப நம்ம வீட்டு பைபர் கனெக்‌ஷன் நெறைய அந்த கதைதான். நெட்ல ஒவ்வொரு இணைப்புக்கும் முகவரி மாதிரி ஒரு ஐபி நம்பர் வேணும். பழைய முறையான ஐபிவி4ல அந்த நம்பர் மொத்தமே கிட்டத்தட்ட 430 கோடிதான், உலகத்துக்கு அது பத்தல, அதனால கனெக்‌ஷன் குடுக்குறவங்க பல வீட்டுக்கு சேத்து ஒரே வெளி நம்பர குடுக்குறாங்க. இதுக்கு பேரு சிஜிநாட். இங்க கூப்பிட்டு விட ஆள் கிடையாது, வெளிய இருந்து வர்றது அப்படியே கீழ விழுந்துடும்.

உங்க வீடு அதுலதான் இருக்கான்னு பாக்க ரவுட்டர் பேஜுக்குள்ள போய் வேன் ஐபின்னு இருக்கறத பாருங்க. 100.64ல இருந்து 100.127 வரைக்கும் எதுலயாவது ஆரம்பிச்சா சிஜிநாட்தான், 2012ல இதுக்குன்னே தனியா ஒதுக்கின நம்பர் வரிசை அது. சில இடத்துல 10ல ஆரம்பிக்கற நம்பர் இருக்கும், அதுவும் அதே கதை. அங்க இருக்கற நம்பரும், கூகுள்ல என் ஐபி என்னன்னு கேட்டா வர்ற நம்பரும் ஒண்ணா இல்லைன்னா நேரா உள்ள வர வழி இல்ல.

ஒருவேளை ஒண்ணாவே இருந்தாலும் கேமராவுக்கு போர்ட் பார்வர்டிங், அதாவது வெளிய இருந்து வர்றத நேரா கேமராவுக்கு அனுப்பற வழி போட்டு விடாதீங்க. கேமரா மாட்ட வர்ற பசங்க நல்ல எண்ணத்துல சில பேர் போட்டு விட்டுட்டு போவாங்க, அத பாத்து எடுக்கச் சொல்லுங்க. 2016ல மிராய்னு ஒரு வைரஸ் உலகம் பூரா லட்சக்கணக்கான கேமரா, டிவிஆர், ரவுட்டருக்குள்ள பூந்துச்சு, அதுக்கு பெரிய வித்தையெல்லாம் தேவைப்படல, கம்பெனி போட்ட பாஸ்வேர்ட மாத்தாம நெட்ல திறந்து கெடந்த பெட்டியா பாத்து பூந்துச்சு, அவ்வளவுதான். அம்மா தனியா இருக்கற வீட்டு கேமராங்க அது. எவனோ பாக்கலாம்னு விட முடியுமா.

அதனால நடுவுல ஒரு கிளவுட் சர்வர், அதாவது எப்பவும் நெட்ல இருக்கற ஒரு வாடகை கம்ப்யூட்டர். அதுக்கு சொந்தமா, மாறாத வெளி நம்பர் இருக்கும். வீட்ல இருக்கற சின்ன கம்ப்யூட்டர் அங்க போய் ஒரு டனல புடிச்சுக்கிட்டே இருக்கும், நம்ம போனும் அங்க போகும், சர்வர் ரெண்டையும் கோத்து விடும். வீட்டு ரவுட்டர்ல ஒரு ஓட்டை கூட போட வேண்டாம். டனலுக்கு நான் எடுத்தது வயர்கார்டுன்னு ஒரு விபிஎன் சாப்ட்வேர். 2020 மார்ச்ல வந்த லினக்ஸ் 5.6ல இருந்து கெர்னலுக்குள்ளயே, அதாவது லினக்ஸோட மையத்துலயே சேத்துட்டாங்க, சின்ன போர்டுல கூட இலகுவா ஓடும். இதையே சுலபமாக்கி டெயில்ஸ்கேல்னு ஒரு சேவை இருக்கு, உள்ள ஓடறது வயர்கார்டுதான், நேரம் இல்லாதவங்க அத போட்டுக்கங்க, தப்பே இல்ல. எனக்கு யார் கையிலயும் அக்கவுண்ட் இல்லாம முழுசா நம்மகிட்ட இருக்கணும்னு தோணுச்சு.

என்னென்ன வேணும்

ஒரு கிளவுட் சர்வர், இருக்கறதுலயே சின்னது போதும், ஒரு கோர், அரை ஜிபி இல்ல ஒரு ஜிபி ராம், மாசம் 4ல இருந்து 6 டாலர் ஆகும். மும்பை, பெங்களூரு, சென்னைன்னு நம்ம நாட்டுக்குள்ளயே இடம் எடுங்க, சிங்கப்பூர் போய் திரும்பி வந்தா வீடியோ இழுக்கும். பதிவு பண்றப்ப சரியான பேர், அட்ரஸ் கேப்பாங்க, 2022 ஏப்ரல்ல செர்ட்-இன்ங்கற மத்திய அரசு சைபர் பாதுகாப்பு அமைப்பு போட்ட உத்தரவுப்படி சர்வர் வாடகைக்கு விடுறவங்க அந்த விவரத்த வச்சிருக்கணும், அதனால உண்மையானதையே குடுங்க. மாசம் எத்தன ஜிபி டேட்டான்னும் பாத்துக்கங்க. 2 எம்பிபிஎஸ் கேமரா ஒண்ண ஒரு மணி நேரம் பாத்தா கிட்டத்தட்ட 900 எம்பி போகும்.

வீட்டுக்கு ஒரு ராஸ்பெரி பை, உள்ளங்கை அளவு சின்ன கம்ப்யூட்டர், இனிமே பைன்னே சொல்றேன். பழைய லேப்டாப் சும்மா கெடந்தா அதுவும் ஓகே, ஆனா பை கரண்ட ரொம்ப கொஞ்சமா இழுக்கும், சின்ன யுபிஎஸ்லயே நிக்கும். வைஃபை வேண்டாம், ரவுட்டர்ல இருந்து லேன் வயர் போடுங்க. அப்புறம் ரவுட்டருக்கும் பைக்கும் சேத்து ஒரு மினி யுபிஎஸ், 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் ரெண்டும் குடுக்கறதா பாத்து. பை 4 எல்லாம் 5 வோல்ட்ல 3 ஆம்பியர் கேக்கும், யுபிஎஸ்ஸோட 5 வோல்ட் சாக்கெட் அத தருதான்னு வாங்கறதுக்கு முன்னாடி பாருங்க, பத்தலைன்னா பை திணறும், நடுவுல ரீஸ்டார்ட் ஆகும்.

முதல் வேலை: வீட்டு நம்பர மாத்துங்க

இத யாரும் முதல்ல சொல்றதில்ல, அதனாலயே ரெண்டு நாள் நான் அலைஞ்சேன். நெறைய ரவுட்டர் வீட்டுக்குள்ள 192.168.1 இல்லைன்னா 192.168.0ன்னுதான் நம்பர் குடுக்கும். உங்க ரூம் ரவுட்டரும் அதேதான், ஆபீஸ் வைஃபையும் அதேதான், லாட்ஜ் வைஃபையும் அதேதான். என் என்விஆர் 192.168.1.10ல இருந்துச்சு. கோயம்புத்தூர் ரூம்ல உக்காந்து அந்த நம்பர அடிச்சா லேப்டாப்புக்கு குழப்பம், 192.168.1.10 இந்த ரூம்லயே இருக்கணுமேன்னு இங்கயே தேடுது, டனல் பக்கம் போகவே இல்ல. மொபைல் டேட்டால மட்டும் வேலை செய்யும், வைஃபைல செய்யாது. என்ன கோளாறுன்னே புரியாம சர்வர ரெண்டு தடவ அழிச்சு போட்டேன்.

அதனால வீட்டுக்கு போனதும் ரவுட்டர்ல லேன் செட்டிங்க்ஸ்ல யாரும் வச்சிருக்காத நம்பரா மாத்துங்க. நான் 192.168.47 வச்சேன். ரவுட்டர் 192.168.47.1, பை 47.2, என்விஆர் 47.10. பைக்கும் என்விஆருக்கும் நம்பர் மாறாம இருக்க ரவுட்டர்லயே அட்ரஸ் ரிசர்வேஷன்னு ஒரு இடம் இருக்கும், அங்க கட்டிப் போடுங்க. என்விஆர்ல கையால நம்பர் போட்டிருந்தா அதையும் டிவில மெனு திறந்து மாத்தணும், மறந்துட்டு ஊருக்கு பஸ் ஏறிடாதீங்க. பாஸ்வேர்டையும் இப்பவே மாத்திடுங்க.

சர்வர்

சர்வர் எடுக்கறப்ப உபுண்டுவோ டெபியனோ எடுங்க (ரெண்டும் லினக்ஸ்தான்), உள்ள போறதுக்கு பாஸ்வேர்ட் வேண்டாம், எஸ்எஸ்எச் (தூரத்துல இருந்து சர்வர்ல கமாண்ட் அடிக்கற வழி) கீ போடுங்க. பாஸ்வேர்ட் லாகின அணைச்சிடுங்க, சர்வர் எந்திரிச்ச கொஞ்ச நேரத்துலயே உலகத்துல எங்கெங்கயோ இருந்து கதவ தட்ட ஆரம்பிச்சிடுவாங்க, லாக்க திறந்து பாத்தா தெரியும்.

உள்ள போய் சூடோ ஆப்ட் அப்டேட், அப்புறம் சூடோ ஆப்ட் இன்ஸ்டால் வயர்கார்டு. அவ்வளவுதான் இன்ஸ்டால். வீட்ல பைலயும் இதே ரெண்டு கமாண்ட்.

இப்ப சாவி. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு ஜோடி, பிரைவேட் கீ, பப்ளிக் கீ. டபிள்யூஜி ஜென்கீன்னா பிரைவேட் வரும், அத டபிள்யூஜி பப்கீக்குள்ள விட்டா அதுக்கான பப்ளிக் வரும். சாவி உருவாக்கறதுக்கு முன்னாடி யூமாஸ்க் 077 அடிச்சுக்கங்க, அப்பத்தான் அந்தச் சாவி ஃபைல மத்த யூசர் படிக்க முடியாது. பிரைவேட் கீ பொறந்த மெஷின விட்டு வெளிய போகவே கூடாது, வாட்ஸப்ல அனுப்பறது, மெயில்ல வைக்கறது எதுவும் வேண்டாம். பப்ளிக்க மட்டும் எதிர் பக்கத்துக்கு குடுக்கணும். ரெண்டுமே 44 எழுத்து, கடைசி எழுத்து சமக்குறி. காப்பி பண்றப்ப அந்த சமக்குறி விட்டுப் போறது அடிக்கடி நடக்கும். அதே மாதிரி தன்னோட பப்ளிக் கீயையே பியர் (எதிர் பக்கத்து மெஷின்) இடத்துல ஒட்டி வைக்கறதும் நடக்கும். பியர்ல எப்பவும் எதிராளோட பப்ளிக்.

டனலுக்குள்ள தனியா ஒரு நம்பர் வரிசை வேணும். நான் 10.47.0 எடுத்தேன். சர்வர் 10.47.0.1, வீட்டு பை 10.47.0.2, என் போன் 10.47.0.3, லேப்டாப் 10.47.0.4. இனிமே நம்பருக்கு பின்னாடி /24ன்னு வந்தா அந்த வரிசை முழுசும், /32ன்னா அந்த ஒரு நம்பர் மட்டும்.

சர்வர்ல ஈடிசிக்குள்ள வயர்கார்டு போல்டர்ல டபிள்யூஜி0 டாட் கான்ஃப்னு ஒரு பைல் திறங்க. மேல இன்டர்ஃபேஸ் பகுதி: அட்ரஸ் 10.47.0.1/24, லிசன்போர்ட் (எந்தக் கதவு நம்பர்ல காத்திருக்கணும்ங்கறது) 51820, பிரைவேட்கீ சர்வரோடது. கீழ ஆளுக்கு ஒரு பியர் பகுதி. வீட்டு பைக்கு பப்ளிக்கீ, அலவ்டுஐபிஸ்ல 10.47.0.2/32 போட்டு கமா வச்சு 192.168.47.0/24. போனுக்கு அதோட பப்ளிக்கீ, அலவ்டுஐபிஸ்ல 10.47.0.3/32 மட்டும்.

இந்த அலவ்டுஐபிஸ்லதான் புதுசா வர்ற எல்லாரும் தடுக்கி விழறாங்க, அதனால கொஞ்சம் நின்னு பாத்துட்டு போவோம். பேர பாத்தா யாருக்கு அனுமதின்னு நெனைக்கத் தோணும். அது ரெண்டு வேலை பாக்குது. வெளிய போறப்ப அது ஒரு வழிகாட்டி, இந்த நம்பருக்கு போறதெல்லாம் இந்த ஆள்கிட்ட குடுன்னு. உள்ள வர்றப்ப அது ஒரு காவக்காரன், இந்த ஆள்கிட்ட இருந்து இந்த நம்பர் போட்டு வந்தா மட்டும் வாங்கு, வேற நம்பர் போட்டிருந்தா கீழ போடுன்னு. வீட்டு கேமராவுக்கு போறத பைகிட்டதான் குடுக்கணும், அதனாலதான் சர்வர்ல பையோட பேருல 192.168.47.0/24 சேத்தோம். அதே வரிசைய தெரியாம போனுக்கும் போட்டீங்கன்னா கடைசியா யாருக்கு போட்டீங்களோ அவங்களுக்குத்தான் அது போகும், முன்னாடி இருந்தவர்கிட்ட இருந்து சத்தமில்லாம பறிபோயிடும், எர்ரர் ஒண்ணும் வராது. ஒரு நம்பர் வரிசைக்கு ஒரு சொந்தக்காரர்தான்.

அப்புறம் சர்வர் ஒரு பக்கம் வாங்கினத இன்னொரு பக்கம் தள்ளி விடணும்னா ஐபி பார்வர்ட் ஆன் ஆகணும். ஈடிசிக்குள்ள சிஸ்சிடிஎல் டாட் டி போல்டர்ல ஒரு பைல் போட்டு நெட் டாட் ஐபிவி4 டாட் ஐபி அண்டர்ஸ்கோர் பார்வர்ட் சமம் 1ன்னு எழுதிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. வீட்டு பைலயும் இதே வேணும். ஒண்ணுல மட்டும் போட்டுட்டு இன்னொண்ணுல விட்டுடுவோம், அப்ப பை வரைக்கும் பிங் (இருக்கியான்னு கேக்கற சின்ன செய்தி) போகும், கேமராவுக்கு போகாது.

பயர்வால்ல (எது உள்ள வரலாம்னு பாக்கற காவல்) 51820 யூடிபி திறங்க, எஸ்எஸ்எச்சுக்கு 22 டிசிபி, வேற ஒண்ணும் வேண்டாம். யூடிபி, டிசிபின்னு டேட்டா போற முறை ரெண்டு இருக்கு, இங்க யூடிபின்னு அழுத்திச் சொல்றேன், பேனல்ல டிசிபிதான் முதல்ல நிக்கும், கை தானா அத அமுக்கிடும். இன்னொண்ணு, பயர்வால் ரெண்டு இடத்துல இருக்கலாம், வெப்சைட் பேனல்ல ஒண்ணு, சர்வருக்குள்ள ஐபிடேபிள்ஸ்ல ஒண்ணு. சில சர்வர் உள்ளுக்குள்ள பார்வர்ட் பண்றதயே ரிஜெக்ட்னு வச்சு வரும். நான் எடுத்த ஒரு சர்வர் அப்படித்தான், வெளிய திறந்தாச்சு, உள்ள அடைச்சு கெடக்கு. டபிள்யூஜி0ல இருந்து டபிள்யூஜி0க்கு போறத விடுன்னு பார்வர்ட் வரிசைல மேல ஒரு ரூல் சேத்த அப்பறம்தான் போச்சு.

51820 வெளிய திறந்து கெடக்கே ஆபத்தில்லையான்னு கேட்டா, வயர்கார்டு சரியான சாவி இல்லாம வர்றவங்களுக்கு பதிலே சொல்லாது, தட்டிப் பாக்கறவனுக்கு அங்க ஆள் இருக்கறதே தெரியாது. அதே குணம்தான் நமக்கும் சோதனை, நாமளே சாவிய தப்பா போட்டாலும் பதில் வராது, எங்க தப்புன்னும் சொல்லாது.

வீட்டு பை

இங்கயும் டபிள்யூஜி0 டாட் கான்ஃப். இன்டர்ஃபேஸ்ல அட்ரஸ் 10.47.0.2/24, பையோட பிரைவேட்கீ. லிசன்போர்ட் வேண்டாம். பியர் ஒண்ணே ஒண்ணு, சர்வர். அதுல சர்வரோட பப்ளிக்கீ, எண்ட்பாயிண்ட்ல சர்வர் ஐபி போட்டு முக்காப்புள்ளி வச்சு 51820, அலவ்டுஐபிஸ்ல 10.47.0.0/24, கடைசியா பெர்சிஸ்டென்ட்கீப்அலைவ் 25.

அந்த 25தான் வீட்டையும் சர்வரையும் கட்டி வச்சிருக்கற கயிறு. 25 செகண்டுக்கு ஒருக்கா பை ஒரு சின்ன பாக்கெட்ட சர்வருக்கு அனுப்பும். அது போய்க்கிட்டு இருக்கற வரைக்கும் நடுவுல இருக்கற ரவுட்டரும் சிஜிநாட்டும் அந்த வழிய மூடாது, சர்வர்ல இருந்து திரும்பி வர்றதுக்கும் வழி இருக்கும். விட்டீங்கன்னா கொஞ்ச நேரத்துல வழி மறந்துடும், பை தானா பேசுற வரைக்கும் வீடு எட்டாது. போன்ல இது தேவையில்ல, பேட்டரிதான் வீணாகும்.

எண்ட்பாயிண்ட்ல டொமைன் பேர் போடாம நேரா ஐபி நம்பர போடுங்கன்னு சொல்வேன். கரண்ட் வந்ததும் பை சீக்கிரம் எந்திரிச்சிடும், பைபர் பெட்டியும் ரவுட்டரும் மெதுவாத்தான் எந்திரிக்கும். பேர் போட்டிருந்தா அந்த நேரத்துல அதுக்கு நம்பர் கேக்க நெட் இருக்காது, சில நேரம் வயர்கார்டு ஸ்டார்ட் ஆகாமலே நின்னுடும். நம்பர் போட்டிருந்தா நெட் எப்ப வந்தாலும் போய் ஒட்டிக்கும்.

அடுத்து மாஸ்கரேட். என்விஆருக்கு 10.47.0.3ன்னா யாருன்னு தெரியாது. போன் கேட்ட கேள்வி அதுகிட்ட போய் சேந்துடும், பதில எங்க அனுப்பறதுன்னு தெரியாம ரவுட்டர்கிட்ட குடுக்கும், ரவுட்டர் தூக்கி வெளிய போட்டுடும். அதனால டனல்ல இருந்து வீட்டுக்குள்ள போறதுக்கெல்லாம் பை தன்னோட நம்பர ஒட்டி அனுப்பணும், அப்ப பதில் பைகிட்டயே திரும்பி வரும். இன்டர்ஃபேஸ் பகுதில போஸ்ட்அப்னு ஒரு வரி போட்டு ஐபிடேபிள்ஸ் ரூல எழுதுங்க: நாட் டேபிள்ல போஸ்ட்ரவுட்டிங்ல சேரு, வர்ற இடம் 10.47.0.0/24, வெளிய போற கார்டு ஈடிஎச்0, செய்ய வேண்டியது மாஸ்கரேட். போஸ்ட்டவுன்ல அதையே அழிக்கற வரி, சேக்கறதுக்கு பெரிய ஏ, அழிக்கறதுக்கு பெரிய டி, மத்தபடி ஒண்ணுதான். கார்டு பேரு ஈடிஎச்0தானான்னு ஐபி ஏன்னு அடிச்சு பாத்துக்கங்க. ஐபிடேபிள்ஸ் இல்லைன்னு சொன்னா அதையும் ஆப்ட்ல போட்டுக்கங்க.

ரெண்டு பக்கமும் சூடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் ஹைபன் ஹைபன் நவ் டபிள்யூஜி-குயிக்@டபிள்யூஜி0. இதுல எனேபிள்தான் முக்கியம், அது இருந்தாத்தான் கரண்ட் போய் வந்தா தானா எந்திரிக்கும். வெறும் அப் குடுத்துட்டு வந்தா முதல் கரண்ட் கட்டோட முடிஞ்சது.

போன்

வயர்கார்டு ஆப் ஆண்ட்ராய்டு, ஐபோன் ரெண்டுக்கும் இருக்கு, காசு கிடையாது. ஆப்லயே புது டனல் போட்டு சாவிய அங்கயே உருவாக்கி பப்ளிக்க மட்டும் சர்வர்ல சேக்கறதுதான் நல்ல முறை. வயசானவங்க போனுக்கு போடுறதுன்னா கம்ப்யூட்டர்ல கான்ஃப் எழுதி கியூஆர்என்கோட்ல கியூஆர் படமா மாத்தி நேர்ல ஸ்கேன் பண்ணி விட்டுட்டு அந்த கான்ஃப் ஃபைல அழிச்சிடுங்க.

போன்ல அட்ரஸ் 10.47.0.3/32, பியர்ல சர்வரோட பப்ளிக்கீ, எண்ட்பாயிண்ட் அதே, அலவ்டுஐபிஸ்ல 10.47.0.0/24, 192.168.47.0/24. நெட்ல பாத்து எழுதறவங்க இங்க 0.0.0.0/0 போட்டுடுவாங்க. அப்ப யூடியூப், வாட்ஸப், பேங்க் ஆப் எல்லாமே உங்க சர்வர் பக்கம் போகும், நாம போட்ட முறைல அங்கயே நின்னுடும், சர்வர்லயும் மாஸ்கரேட் போட்டிருந்தா அது வழியா போய் டேட்டா கரையும், வேகம் குறையும். நமக்கு வீடு மட்டும்தான் வேணும், வீட்டுக்கு போறது மட்டும் டனல்ல போகட்டும்.

வளைகுடால இருக்கறவங்களுக்கு இது இன்னும் முக்கியம். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டின்னு எத்தன வீட்டு பிள்ளைங்க அங்க இருக்காங்க, அவங்களுக்காகவே சொல்றேன். யுஏஈல 2021ல வந்த சைபர் சட்டத்துல ஐபிய மறைச்சு குத்தம் பண்ணினாலோ, குத்தத்த மறைச்சாலோ 5 லட்சத்துல இருந்து 20 லட்சம் திர்ஹாம் வரைக்கும் அபராதம்னு இருக்கு. வீட்டு கேமராவ பாக்கறதோட நிறுத்திக்கங்க, அங்க தடை பண்ணின கால், தடை பண்ணின சைட் எதையும் இந்த வழில கொண்டு போகாதீங்க. 0.0.0.0/0 போடாம இருந்தா தெரியாம போறதுக்கும் வழி இல்ல. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சட்டம், இருக்கற நாட்டோடத கேட்டு தெரிஞ்சுக்கிட்டு ஆன் பண்ணுங்க.

டெஸ்ட் பண்றப்ப

வீட்டு வைஃபைல உக்காந்துக்கிட்டு வேலை செய்யுதுன்னு சந்தோஷப்படாதீங்க, அது டனலே இல்லாமயும் தெரியும். வைஃபைய அணைச்சு மொபைல் டேட்டால பாருங்க. வரிசையா போங்க. முதல்ல சர்வர்ல சூடோ டபிள்யூஜி ஷோ அடிங்க, பை பேருக்கு கீழ லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்னு (கடைசியா கைகோத்த நேரம்) வந்து ரெண்டு நிமிஷத்துக்குள்ள இருந்தா கயிறு கட்டியாச்சு. அந்த வரியே இல்லைன்னா சாவி, போர்ட், பயர்வால் மூணுல ஒண்ணு. அப்புறம் சர்வர்ல இருந்து 10.47.0.2க்கு பிங். அப்புறம் போன ஆன் பண்ணி 10.47.0.1, 10.47.0.2, கடைசியா 192.168.47.10. எந்த இடத்துல நிக்குதோ அங்கதான் கோளாறு, அதுக்கு அந்தப் பக்கம் போய் நோண்ட வேண்டாம்.

பிங் எல்லாம் போகுது, என்விஆர் பேஜ் மட்டும் பாதில நிக்குதுன்னா எம்டியு, அதாவது ஒரு பாக்கெட் எவ்வளவு பெருசா போகலாம்ங்கற அளவு. வயர்கார்டு வழக்கமா 1420 எடுத்துக்கும், சில மொபைல் நெட்வொர்க்ல அந்த அளவு பாக்கெட் போகாது. போன்லயும் பைலயும் இன்டர்ஃபேஸ்ல எம்டியு 1280 போடுங்க, சரியாகும்.

கரண்டும் உப்புக்காத்தும்

இதெல்லாம் ஓடி மூணு மாசம் நல்லா போச்சு. ஒரு நாள் ராத்திரி காத்து மழை, விட்டு விட்டு கரண்ட், காலைல ஹேண்ட்ஷேக் இல்ல. சித்தப்பாவுக்கு போன் போட்டேன்.

“சித்தப்பா, டிவிக்கு கீழ சின்ன பெட்டி இருக்குல்ல, அதுல என்ன லைட் எரியுது?”

“செவப்பு எரியுதுப்பா. பக்கத்துல ஒண்ணு இருக்கு, அது எரியல.”

“பச்சையா மினுக்கவே இல்லையா?”

“நானும் ரொம்ப நேரமா குனிஞ்சு பாக்குறேன் தம்பி, இல்லப்பா.”

பை 4ல சிவப்பு கரண்டுக்கு, பச்சை எஸ்டி கார்ட படிக்கறதுக்கு. பச்சை மினுக்கலன்னா பெரும்பாலும் கார்டு போச்சுன்னு அர்த்தம். எழுதிக்கிட்டு இருக்கறப்ப கரண்ட் போனா கார்டு கெட்டுப் போகலாம். அப்ப யுபிஎஸ் ரவுட்டருக்கு மட்டும்தான் போட்டிருந்தேன். நீங்க முதல்லயே பைக்கும் சேத்து போடுங்க, எல்லாம் சரியா ஓடுதுன்னு ஆனதும் ராஸ்பி-கான்ஃபிக்ல ஓவர்லே பைல் சிஸ்டம்னு ஒண்ணு இருக்கும், அத ஆன் பண்ணிடுங்க, அதுக்கப்பறம் கார்டுல எதுவும் எழுதாது. ஆன் பண்றதுக்கு முன்னாடி கார்ட அப்படியே இன்னொரு கார்டுக்கு காப்பி எடுத்து ஒரு கவர்ல போட்டு அம்மாகிட்ட குடுத்து வைங்க.

ஓவர்லே போட்டா ஒண்ணு தெரிஞ்சுக்கணும். பை 4ல கடிகார பேட்டரி கிடையாது, எந்திரிக்கறப்ப பழைய தேதியோட எந்திரிக்கும். வயர்கார்டு கைகுடுக்கறப்ப நேரத்தையும் சேத்து அனுப்பும், கடைசியா வந்தத விட பழைய நேரமா இருந்தா இது எவனோ பழசத் திருப்பி அனுப்பறான்னு சர்வர் தள்ளி விட்டுடும். நெட் வந்து பை நேரத்த சரி பண்ணிக்கிட்டதும் தானா ஒட்டிக்கும். அதனால கரண்ட் வந்த உடனே தெரியலைன்னா பதறாதீங்க, அஞ்சு பத்து நிமிஷம் விடுங்க.

அப்புறம் லேன் வயர். நம்ம காத்து எதையும் விட்டு வைக்காது, ஜன்னல் கம்பி, பேன் இறக்கை மாதிரிதான் இதுவும். ஒரு தடவ ஹேண்ட்ஷேக் வந்து வந்து போச்சு, ஊருக்கு போனப்ப ரவுட்டர்ல இருந்து ஜாக்க உருவி வெளிச்சத்துல புடிச்சு பாத்தேன். எட்டு கம்பில மூணு கம்பி மேல பித்தளை பாத்திரத்துல புடிக்கற மாதிரி பச்சைக் களிம்பு, நகத்துல சுரண்டினா பொடியா உதிருது. ஜன்னல் பக்கத்துல ரவுட்டர் இருந்துச்சு, வடக்க பாத்த ஜன்னல். இப்ப எல்லாத்தையும் உள் ரூம்ல ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பால சூடு போக பின்னாடி ஓட்டை போட்டு வச்சிருக்கேன், ஊருக்கு போறப்பல்லாம் ஜாக் ரெண்டையும் புதுசா கிரிம்ப் (வயர் நுனில அழுத்திப் பொருத்தறது) பண்ணிடுறேன். கிரிம்பிங் டூல் ஒண்ணு வாங்கி வீட்லயே வச்சுக்கங்க.

போன் தொலைஞ்சா உடனே சர்வர்ல போய் அந்த பியர எடுத்துடுங்க, கான்ஃப் பைல்ல இருந்தும் எடுக்கணும், இல்லைன்னா அடுத்த ரீஸ்டார்ட்ல திரும்ப வந்துடும். ஒரே சாவிய ரெண்டு போன்ல போடாதீங்க, ரெண்டும் மாறி மாறி சண்டை போடும், ஒண்ணு தொலைஞ்சா ரெண்டையும் எடுக்க வேண்டி வரும். சித்தப்பா மகனுக்கு கேமரா மட்டும் போதும், அவனுக்கு பைல ஐபிடேபிள்ஸ்ல 10.47.0.5ல இருந்து 192.168.47.10க்கு மட்டும் விட்டு மத்தத அடைச்சு வச்சிருக்கேன். சர்வர்ல செக்யூரிட்டி அப்டேட் தானா ஏற அன்அட்டென்டட் அப்கிரேட்ஸ் ஆன் பண்ணி விடுங்க.

கடைசியா, ஊர விட்டு கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு வேலை. அம்மாவ பக்கத்துல வச்சுக்கிட்டு மெயின் சுவிட்ச அணைங்க. யுபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்குதுன்னு பாருங்க. அது தீர்ந்து எல்லாம் அணைஞ்ச அப்பறம் சுவிட்ச போடுங்க, நீங்க எதையும் தொடாதீங்க, வாசல்ல போய் நின்னு மொபைல் டேட்டால என்விஆர் தெரியற வரைக்கும் நேரம் பாருங்க. எங்க வீட்ல ஏழு நிமிஷம். அத ஒரு அட்டைல பெருசா எழுதி டப்பா மேல ஒட்டிட்டு வந்தேன்: “கரண்ட் வந்து பத்து நிமிஷம் எதுவும் தொட வேண்டாம். அப்பறமும் தம்பி தெரியலைன்னு சொன்னா நீல டேப் சுத்தின பிளக்க உருவி, நூறு எண்ணி, திரும்ப மாட்டணும். வேற எந்த பிளக்கும் வேண்டாம்.” அம்மா கண்ணாடி போட்டு ஒரு தடவ சத்தமா படிச்சு காட்டின அப்பறம்தான் பஸ் ஏறினேன்.